பெட்டி விழித்திருந்ததா?

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்துக்குக் கிளம்பும் முன், லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து நெற்றி விளக்கைப் போட்டுப் பார்ப்பார். தாத்தா காலத்தில் அது கார்பைட் விளக்கு. கல்லின்மேல் தண்ணீர் சொட்டச் சொட்ட வாயு கிளம்பி எரியும். அப்பாவுக்கு இடுப்பில் பேட்டரி, நெற்றியில் பல்பு, இரண்டுக்கும் நடுவே முதுகு வழியாக ஓடும் ஒரு கறுப்பு ஒயர். பல்பு எரிந்தால் மட்டும் போதாது அவருக்கு. எழுந்து நின்று, குனிந்து, தலையை இரண்டு பக்கமும் திருப்பி, ஒயரைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். நடு நிரையில் விளக்கு மங்கினால் கத்தி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று தெரியாது. ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை மறுபடி ஒழுங்காக வளராது, முண்டும் முடிச்சுமாகக் கட்டிவிடும்.

நான் இப்போது செய்கிற வேலைக்கும் அந்த விளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எனக்கு நிறைய இருக்கிறது.

எங்கள் ஊர் மலேசியாவில் இருக்கும் சுங்கை சிப்புட். ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் மாவட்டத்தில், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். சுற்றிலும் ரப்பராக இருந்த தோட்டங்களில் பெரும்பகுதி இன்று செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. நான் கம்பியில்லா வலைப்பின்னல்களின் பாதுகாப்பைச் சோதிப்பவன். ஒரு கடையோ அலுவலகமோ கேட்டுக்கொண்டால், அங்கே போய் அவர்களுடைய வைஃபையை வெளியிலிருந்து எவன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்து, ஓட்டை எங்கே என்று சொல்வேன். அதற்காக நானே தயாரித்து வைத்திருப்பவைதான் இந்தச் சின்னப் பெட்டிகள். மாற்றியமைத்த ரூட்டர், அதற்கு ஒரு பேட்டரி, இரண்டையும் மூட ஒரு பிளாஸ்டிக் டப்பா.

இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2002 கடைசியில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற வீட்டு ரூட்டரை விற்பனைக்கு விட்டது. அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்ற பொது இயங்குதளம் என்று அடுத்த ஆண்டு சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமப்படி மூல நிரலை வெளியிட்டாக வேண்டும் என்று கேட்டார்கள், நிறுவனமும் வெளியிட்டது. அதை அடித்தளமாக வைத்து 2004-இல் ரூட்டர்களுக்கான திறந்த இயங்குதளமான ஓப்பன்வர்ட் பிறந்தது. அதன்பிறகு ரூட்டர் என்பது கடைக்காரர் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும் பொருளாக இல்லை. ஒரு சின்னக் கணினியாக ஆனது. 2008-இல் ராபின் வுட் என்பவர், ஃபோன் (Fon) என்ற நிறுவனத்தின் மலிவான சின்ன ரூட்டரில் ஓடக்கூடிய ஒரு நிரலை எழுதி அதற்கு 'யாசாகர்' என்று பெயர் வைத்தார். ஜெர்மன் சொல். நம் தமிழில் 'ஆமாம் சாமி போடுகிறவன்' என்று பொருள்.

பெயர் அவ்வளவு பொருத்தம். அந்தக் காலத்துக் கைப்பேசிகளும் மடிக்கணினிகளும் தாங்கள் முன்பு சேர்ந்த வைஃபைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். "வீட்டு வைஃபை இருக்கிறாயா? கோப்பிக் கடை இருக்கிறாயா?" எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் இந்தப் பெட்டி "ஆமாம், நான்தான்" என்று பதில் சொல்லும். கைப்பேசி நம்பி வந்து ஒட்டிக்கொள்ளும். ஹாக்5 நிறுவனத்தின் 'பைனாப்பிள்' என்ற சாதனம் இந்த யோசனையின் வழியில் வந்ததுதான். இன்றைய கைப்பேசிகள் அப்படிப் பெயர் சொல்லிக் கூவுவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டன. வலைப்பின்னலில் தங்களை அடையாளம் காட்டும் முகவரி எண்ணையும் மாற்றி மாற்றிக் காட்டுகின்றன. ஆனால் கடவுச்சொல் இல்லாத ஒரு வைஃபையில் ஒருமுறை சேர்ந்த கைப்பேசி, அதே பெயரில் வேறு பெட்டி நின்றாலும் தானாகப் போய்ச் சேரும். இது இன்றும் நடக்கிறது.

நான் முதலில் வாங்கியது டிபி-லிங்க் டபிள்யூஆர்703என். சீனச் சந்தைக்கென்று செய்தது, உள்ளே எல்லாம் சீன மொழி. 57 மில்லிமீட்டர் சதுரம், 18 மில்லிமீட்டர் கனம், சட்டைப் பைக்குள் போய்விடும். 400 மெகாஹெர்ட்ஸ் செயலி, 32 எம்பி நினைவகம், நிரலைச் சேமித்து வைக்க 4 எம்பி ஃபிளாஷ். ஒரு லேன் துளை, ஒரு யூஎஸ்பி துளை. மின்சாரம் மைக்ரோ யூஎஸ்பி வழியாக 5 வோல்ட். இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் உலகம் முழுக்க நோண்டிப் பார்க்கும் ஆட்கள் இதைக் கொண்டாடினார்கள். கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் எதிலும் இது ஓடும்.

4 எம்பி இடத்தில் ஓப்பன்வர்ட்டைப் போட்டால் மிச்சம் ஒன்றுமே இருக்காது. ஒரு பென்டிரைவைச் செருகி, கோப்பு முறைமை முழுவதையும் அதற்கு மாற்றிவிட வேண்டும். கைதேர்ந்தவர்கள் உள்ளே இருக்கும் எட்டுக் கால் ஃபிளாஷ் சில்லைக் கழற்றி 16 எம்பி சில்லை ஈயம் வைத்து ஒட்டினார்கள். நானும் ஒன்றில் செய்தேன், கை நடுங்கத்தான் செய்தேன். இன்று புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்தப் பாடு வேண்டாம். 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி நினைவகமும் உள்ள சாதனங்களை ஓப்பன்வர்ட் 19.07 பதிப்போடு கைவிட்டுவிட்டது. ஜிஎல்-ஐநெட் ஏஆர்150 போன்றவை 16 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி நினைவகத்தோடு, பிறக்கும்போதே ஓப்பன்வர்ட்டோடு வருகின்றன. அதே செயலி, அதே 5 வோல்ட். அந்த மாதிரி ஒன்றை வாங்குங்கள். தப்பான ஃபர்ம்வேரை, அதாவது ரூட்டரை இயக்கும் அடிப்படை நிரலை, ஏற்றி உயிரை எடுத்துவிட்டாலும் பயப்பட வேண்டாம். பலகையில் இருக்கும் சீரியல் புள்ளிகளில் மூன்று ஒயரை வைத்து 115200 வேகத்தில் பேசினால் பெரும்பாலும் பதில் வரும். அந்தப் புள்ளிகளில் 3.3 வோல்ட்டுக்கு மேல் கொடுக்காமல் இருந்தால் சரி.

மென்பொருளைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு ஆசையில்லை. அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மின்சாரத்தைப் பற்றி எழுத வேண்டும். ஏனென்றால் என்னை ஏமாற்றியது அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், பட்டணத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். கடையின் கேமராப் பதிவை யாரோ வெளியிலிருந்து பார்க்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். "தம்பி, ராத்திரியில என்ன நடக்குதுன்னு ஒருதடவ பாத்துச் சொல்லுங்க" என்றார். ஒரு தாளில் எந்த வைஃபை, எந்த நாள், எந்த நேரம், நான் என்னவெல்லாம் செய்வேன், எதைச் செய்ய மாட்டேன் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அந்த இரவுக்கான வேலை எளிதானது. பெட்டி சுற்றியிருக்கும் வைஃபைகளைக் காதால் கேட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வரி எழுத வேண்டும். எத்தனை வைஃபை, என்ன பெயர், எந்தச் சேனல், கடவுச்சொல் உண்டா இல்லையா. யாருடைய தகவலையும் தொடாது.

பெட்டியை 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்கில் மாட்டி, இரவு 8 மணிக்கு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன். பேட்டரி காலைவரை தாங்க வேண்டுமே என்று ஒரு காரியம் செய்தேன். பன்னிரண்டரைக்கு மேல் தெரு அடங்கிவிடும். அதனால் அதன்பின் ஐந்து நிமிடத்தில் ஒரு நிமிடம் மட்டும் கேட்டு, நாலு நிமிடம் ரேடியோவை அணைத்துத் தூங்கு என்று எழுதிவைத்தேன்.

காலை 6 மணிக்குப் போனேன். பவர் பேங்கின் பொத்தானை அமுக்கினேன், எவ்வளவு மிச்சம் என்று பார்க்க. மூன்று விளக்கு எரிந்தது. ரூட்டரின் நீல விளக்கும் சிமிட்டியது. பத்து நிமிடம் அண்ணனோடு தே ஓ (பாலில்லாத தேநீர்) குடித்துவிட்டுப் பெட்டியைக் கழற்றினேன். வீட்டில் பட்டியலைப் பார்த்தேன். அக்கம்பக்கத்துக் கடைகளின் வழக்கமான பெயர்களைத் தவிர வேறு எதுவும் இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டு, "பயப்படாதீங்க, ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

மூன்று நாள் கழித்து அறிக்கை எழுத உட்கார்ந்தபோது வரிகளை எண்ணினேன். 8 மணியிலிருந்து 6 மணிவரை, மணிக்கு 12 வரி, மொத்தம் 120 இருக்க வேண்டும். இருந்தது 57. ஐம்பத்தைந்தாவது வரி 12:35. கடைசி இரண்டு வரிகளில் ஏதோ பழைய தேதி.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு ஒரு முழு மாலை பிடித்தது. பவர் பேங்க் கைப்பேசிக்காகச் செய்யப்பட்ட பொருள். மின்னோட்டம் ஓரளவுக்குக் கீழே இறங்கினால், கைப்பேசி நிறைந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு தானே அணைந்துவிடும். என் பெட்டி ரேடியோவை அணைத்துத் தூங்கிய அந்த முதல் நாலு நிமிடத்திலேயே பவர் பேங்க் மின்சாரத்தை நிறுத்திவிட்டது. காலையில் நான் பொத்தானை அமுக்கியதும் மறுபடி கொடுத்தது, ரூட்டர் புதிதாகக் கிளம்பியது. நீல விளக்கைப் பார்த்து, இரவு முழுக்க ஓடியது என்று நான் நம்பிவிட்டேன். தேதி ஏன் பழையது? இந்த ரூட்டர்களுக்குள் கடிகார பேட்டரி கிடையாது. மின்சாரம் போனால் நேரமும் போகும். இணையம் கிடைத்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளும். கிடைக்காவிட்டால் தன் அமைப்புக் கோப்புகளில் கடைசியாக மாறியது எப்போதோ அந்தத் தேதியிலிருந்து எண்ணத் தொடங்கும்.

ஐந்தரை மணி நேரம் செத்துக் கிடந்த பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு மனிதரிடம் "ஒன்றும் இல்லை" என்று சொல்லியிருக்கிறேன். "ஒன்றும் இல்லை" என்பதும் "பார்க்கவே இல்லை" என்பதும் தாளில் ஒரே மாதிரிதான் தெரியும். அதுதான் இந்த வேலையின் ஆபத்து. வேலை செய்யாத சுத்தியல் ஆணியை அடிக்காமல் காட்டிக்கொடுத்துவிடும். நின்றுபோன பெட்டி வெற்றுத்தாளைக் கொடுக்கும், வெற்றுத்தாள் நல்ல செய்தி போலவே இருக்கும்.

அன்று மாலையே கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அண்ணன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி தம்பி, மறுபடி வையுங்க" என்றார்.

மறுபடி வைக்கும் முன் ஒரு வாரம் மின்சாரத்தோடு உட்கார்ந்தேன். கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

பவர் பேங்கின்மேல் எழுதியிருக்கும் 10,000 என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டில் எண்ணியது. அதாவது 37 வாட்-மணி. அதை 5 வோல்ட்டுக்கு ஏற்றும்போது ஒரு பங்கு சூடாகப் போய்விடும். 85 விழுக்காடு கையில் வந்தால் சுமார் 31 வாட்-மணி. என் யூஎஸ்பி அளவுமானியில், இரண்டாவது வைஃபை அடாப்டரும் பென்டிரைவும் சேர்ந்த பெட்டி சராசரியாக 0.35 ஆம்பியர் இழுத்தது. 5 வோல்ட்டில் அது 1.75 வாட். வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 18 மணி நேரம் ஓடும். பத்து மணி நேர வேலைக்கு நான் தூக்க நேரமே வைத்திருக்க வேண்டியதில்லை. இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் அந்தத் தவறு நடந்திருக்காது.

ஒயர் அடுத்தது. மலிவான சார்ஜர் ஒயர்களில் உள்ளே இருப்பது பெரும்பாலும் 28 கேஜ் செம்பு. மீட்டருக்கு 0.21 ஓம். போகவும் வரவும் இரண்டு கம்பி, ஆக ஒரு மீட்டர் ஒயரில் 0.42 ஓம். இரண்டு ரேடியோவும் ஒரே நேரத்தில் வேலை செய்து 0.7 ஆம்பியர் இழுக்கும் கணத்தில் 0.3 வோல்ட் ஒயரிலேயே தொலைகிறது. யூஎஸ்பி அடாப்டர் அப்போது அறுந்து அறுந்து சேரும். ஆட்கள் மென்பொருளைக் குறை சொல்லி இரவெல்லாம் விழித்திருப்பார்கள். 20 சென்டிமீட்டரில் தடித்த ஒயர் ஒன்றைப் போட்டால் நின்றுவிடும். அப்பா அந்தக் கறுப்பு ஒயரை ஆட்டிப் பார்த்தது எனக்கு அன்றுதான் முழுசாக விளங்கியது.

தானே அணையும் பவர் பேங்குக்கு ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. 5 வோல்ட்டின் குறுக்கே 47 ஓம் மின்தடை ஒன்றைப் போட்டால் எப்போதும் 0.1 ஆம்பியருக்குச் சற்று மேல் ஓடிக்கொண்டிருக்கும், பவர் பேங்க் தூங்காது. அரை வாட் வீணாகச் சூடாகும், அதனால் ஒரு வாட் தாங்கும் மின்தடையாகப் போட வேண்டும். வேலை செய்யும், ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. பேட்டரியில் ஓடுகிற பொருளுக்குள் வேண்டுமென்றே ஓர் ஓட்டை வைப்பது மனசுக்கு ஒப்பவில்லை.

நான் போனது 18650 செல்களின் பக்கம். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய உருளைகள், மடிக்கணினி பேட்டரிக்குள் இருப்பவை. இரண்டு செல்லைப் பக்கவாட்டில் சேர்த்து, பாதுகாப்புச் சுற்றோடு வரும் டிபி4056 சார்ஜர் பலகை ஒன்று, 5 வோல்ட்டுக்கு ஏற்றும் பலகை ஒன்று. இதில் தானே அணையும் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை. செல் தீரும்வரை கொடுக்கும், தீர்ந்தால் பாதுகாப்புச் சுற்று வெட்டிவிடும். செல் வாங்கும்போது கவனம் வேண்டும். 9900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சடித்து விற்கிறார்கள். இந்த அளவு உருளைக்குள் நல்ல செல்லே 3500-ஐ ஒட்டித்தான் இருக்கும். இரண்டு செல்லைச் சேர்க்கும் முன் இரண்டும் ஒரே வோல்ட்டில் இருக்கின்றனவா என்று அளக்க வேண்டும். ஒன்று 4.2, மற்றது 3.4 என்று இருக்கையில் சேர்த்தால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மின்னோட்டம் பாயும், செல் கொதிக்கும். நம் ஊர்த் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் சார்ஜ் ஏற்றவே கூடாது. லித்தியம் செல்லை 45 டிகிரிக்குமேல் சார்ஜ் செய்யக் கூடாது, பரண்மேல் அந்தச் சூடு சாதாரணம். நான் இரவில், சிமெண்டுத் தரையில், கண் பார்வையில் வைத்துத்தான் ஏற்றுகிறேன்.

ஒரே இடத்தில் பல நாள் வைக்க வேண்டிய வேலைக்கு மட்டும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி. திருடன் வந்தால் அலறும் எச்சரிக்கை மணிப் பெட்டிகளுக்குள் இருக்குமே, அதுதான். கனம், ஆனால் சூட்டில் லித்தியம் மாதிரிப் பதற வைக்காது. பாதிக்குமேல் வடியவிட்டால் சீக்கிரம் செத்துவிடும், அதனால் 84 வாட்-மணியில் 42-ஐத்தான் கணக்கில் வைக்க வேண்டும்.

கடிகாரத்துக்கு நான் கண்ட வழி எளிதானது. ஒவ்வொரு வரியிலும் தேதியோடு, பெட்டி கிளம்பி எத்தனை வினாடி ஆயிற்று என்பதையும் எழுதச் சொன்னேன். அந்த எண் ஏறிக்கொண்டே போக வேண்டும். எங்காவது திடீரென்று சின்ன எண்ணாக மாறினால் அங்கே பெட்டி விழுந்து எழுந்திருக்கிறது. வரிசை எண்ணும் போட்டேன். செல்லின் வோல்ட்டையும் அளந்து எழுத ஒரு சின்னப் பலகை சேர்த்தேன்.

புதுப் பெட்டியைக் கடையில் வைத்தேன். 120 வரி வந்தது. ஒன்றேகாலுக்கு, கடவுச்சொல் இல்லாத ஒரு வைஃபை எழுந்திருக்கிறது. விடியும் முன் மறைந்திருக்கிறது. அடுத்த இரவும் அப்படியே. சிக்னல் கடைக்கு மேலே இருந்து வந்தது. மாடியில் தங்கியிருந்த வேலையாள் இன்னொரு சாப்பாட்டுக் கடையிலும் வேலை முடித்து ஒரு மணிக்குத் திரும்புவார். கடையின் வைஃபை மேலே எட்டாததால் ஒரு சிக்னல் நீட்டிப் பெட்டியை வாங்கி மாட்டியிருந்தார், ஊரிலிருக்கும் பிள்ளையோடு வீடியோவில் பேச. அதற்குக் கடவுச்சொல் போட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அந்தத் திறந்த கதவு வழியாகத் தெருவில் நிற்கிற எவனும் கடையின் வலைக்குள் வரலாம். உள்ளே கேமராப் பதிவுப் பெட்டி, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லோடு.

அண்ணன் முதலில் கோபப்பட்டார். நான் ஒன்றுதான் கேட்டேன். அந்த மனிதருக்கு விருந்தினர் வைஃபை ஒன்றைத் தனியாக, கடவுச்சொல்லோடு போட்டுக் கொடுப்போம், கடை வலைக்குள் அது நுழையாதபடி பிரித்து. அவர் பிள்ளையோடு பேசட்டும். அரை மணி நேர வேலை. கேமரா கடவுச்சொல்லை மாற்றினோம். ரூட்டரில் டபிள்யூபிஎஸ் என்ற வசதி, கடவுச்சொல்லுக்குப் பதில் எட்டு இலக்க எண்ணைக் கொடுத்து வைஃபையில் சேர்வது, திறந்திருந்தது, அதையும் அணைத்தோம். அந்த எட்டு இலக்கத்தை ரூட்டர் இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் பிடித்துவிடலாம் என்று 2011-இலேயே வெளியே வந்துவிட்டது. இன்னும் எத்தனையோ கடைகளில் அது திறந்தே கிடக்கிறது.

இந்தப் பெட்டிகளை வாங்கத் துடிக்கும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி வருகிறார்கள். அவர்களிடம் நான் முதலில் காட்டுவது அந்தக் கையெழுத்துத் தாளை. மலேசியாவின் 1997-ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டம், பிரிவு 3, அனுமதியில்லாமல் ஒருவர் கணினிக்குள் நுழைந்தாலே 50,000 ரிங்கிட்வரை அபராதம், 5 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. 2024-இன் இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் ஊடுருவல் சோதனையைச் சேவையாகத் தர உரிமமும் வேண்டும். நான் இப்போது சம்பளத்துக்குச் செய்வதெல்லாம் உரிமம் பெற்ற நிறுவனத்தின் ஊழியனாகத்தான். கற்றுக்கொள்ள ஆசையா? இரண்டு பழைய ரூட்டர், மூன்று பழைய கைப்பேசி, எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும். அதற்குள் ஓர் உலகமே இருக்கிறது. எங்கள் கோயில் மண்டபத்தில் நான் அம்மாமார்களுக்குச் செய்துகாட்டியதும் என் சொந்தக் கைப்பேசிகளை வைத்துத்தான். கோயில் வைஃபையின் பெயரிலேயே பெட்டி நின்றபோது மூன்று கைப்பேசியும் கேட்காமல் போய் அதில் சேர்ந்தன. முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா உடனே தன் கைப்பேசியை எடுத்து, "தம்பி, பழைய வைஃபைய எல்லாம் எப்படி அழிக்கிறது, காட்டு" என்றார். அன்று இரவு ஒன்பதுவரை வரிசையில் நின்றார்கள்.

செம்பனைத் தோட்டங்களில் வேலை வேறு மாதிரி. அலுவலகத்தின் வைஃபை வேலிக்கு வெளியே எவ்வளவு தூரம் கசிகிறது என்று நடந்தே அளக்க வேண்டும், சொருக ஒரு பிளக்கும் கிடையாது. மழை பெய்து ஓய்ந்த நேரத்தில் அளந்தால் தூரம் குறைவாகத் தெரியும். நனைந்த மட்டைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் குடித்துவிடும். வெயில் நாளில் மறுபடி அளந்தால் கசிவு ரோடுவரை எட்டும். ஒரே நாள் அளவை நம்பி அறிக்கை எழுதுவதில்லை.

வருகிற சனிக்கிழமை அப்படி ஒரு தோட்டத்து அலுவலகத்துக்குப் போகிறேன். புதிதாக ஒட்டிய பெட்டி மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று மாலை 7:30-க்குத் தொடங்கிவிட்டேன். அவ்வப்போது டப்பாவைத் தூக்கி, சாய்த்து, ஒயரை ஆட்டிவிட்டு வைக்கிறேன். இப்போது மணி 10:55. கணக்குப்படி 41 வரி இருக்க வேண்டும். பார்த்தேன், 41 இருக்கிறது. செல் 3.9 வோல்ட். காலைவரை ஓடட்டும்.